அஸர் பாங்குக்குச் சாகும் பூதங்கள்

ரமீஸ் நானா போய்விட்டார் மக்களே, எங்கள் திருகோணமலையின் ஒரே கேம் மாஸ்டர், நேற்றுக் காலை கடையைத் திறக்கும்போதே நெஞ்சுவலி, ஆஸ்பத்திரி போய்ச் சேரவில்லை...

இந்தப் பேஜை ஃபாலோ பண்ணுகிறவர்களுக்கு அவரைத் தெரியும். சண்டையை பாலன்ஸ் பண்ணுவது எப்படி என்று நான் போட்ட அத்தனை போஸ்ட்டும் அவருடைய மேசையைப் பார்த்துப் போட்டதுதான்.

புதிதாக வந்தவர்களுக்கு... பகடை, பேப்பர், வாய். இவ்வளவுதான் விளையாட்டு. நாங்கள் ஆளுக்கொரு வீரன். நானா கதை சொல்வார், பூதங்களை அனுப்புவார். ஒவ்வொரு பூதத்துக்கும் உயிர் இத்தனை என்று ஒரு நம்பர், குத்தக் குத்தக் குறையும், அது அவருக்கு மட்டும்தான் தெரியும்.

பூதம் லேசாக இருந்தால் கொட்டாவி வரும். கடுமையாக இருந்தால் எல்லாரும் செத்து, கதை அதோடு சரி. இரண்டுக்கும் நடுவில் கொண்டுபோய் நிறுத்துவதுதான் பாலன்ஸ். அதில் நானா கிங்.

என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

துறைமுகப் பக்கம் போன் திருத்தும் கடை அவருக்கு. வெள்ளிக்கிழமை மதியம் ஜும்ஆ முடிந்து வந்தால் பின்னேரம் அஸர் தொழுகை வரைக்கும் பெரிதாக வேலை இராது. உடைந்த டிஸ்பிளேக்களை ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டுக் கண்ணாடி மேசையில் உட்காருவோம். நான், உப்புவெளிப் பிரதீபன், நானாவின் மச்சான் இர்பான்.

பகடையை பிஸ்கட் டின் மூடியில்தான் உருட்டுவார். டங் என்று விழும். எல்லார் கண்ணுக்கும் முன்னால்.

"ஒளிச்சு உருட்டுற வேல என்னட்ட இல்ல தம்பி. விழுந்தது விழுந்ததுதான்."

முதல் பெரிய சண்டை, மூன்று தலை விலாங்கு. பிரதீபன் விழுந்துவிட்டான், இர்பானுக்கு உயிர் ஒரு சொட்டு. மிச்சம் என் வீரன் கொடுவா மட்டும். (குழம்பு மீனின் பெயர் வைத்ததற்கு நானா விழுந்து விழுந்து சிரித்தார். "இவன் சண்ட பிடிக்கவா, ஆணம் வைக்கவா?")

கடைசிக் குத்து என்னுடையது. விலாங்கு செத்தது. அந்த நேரம் பார்த்துப் பள்ளிவாசலில் அஸர் தொழுகைக்குப் பாங்கு... உடம்பெல்லாம் புல்லரித்துப் போனது.

நானா தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டே, "மயிரிழையில தப்பிட்டீங்கடா!" என்றார்.

பிறகு எல்லாச் சண்டையும் அப்படித்தான். தோற்கிற விளிம்பு வரைக்கும் போய்... டக்கென்று வெற்றி. எப்படி முடிகிறது இந்த மனுஷனுக்கு!

வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். எத்தனை பேர், எத்தனை சுற்று, பூதத்துக்கு எவ்வளவு உயிர் வைத்திருப்பார் என்று பின்னாலிருந்து எண்ணி ஒரு சார்ட். நீங்கள் எல்லாரும் ஷேர் பண்ணினீர்களே, அதே சார்ட்தான்.

நானாவிடம் காட்டினேன். கனநேரம் பார்த்தார். "மாஷா அல்லாஹ், நல்லா இருக்கு" என்றார். மடித்துத் திருப்பித் தந்தார். அவ்வளவுதான்!

ஒரே ஒரு நாள் மட்டும் வேறு மாதிரி நடந்தது. பாங்கு சொல்லியும் சண்டை முடியவில்லை. நானா போய்த் தொழுதுவிட்டு வந்து திரும்பக் கதிரையில் உட்கார்ந்தார். டங்.

கொடுவா செத்தான். இரண்டு வருஷம் வளர்த்த வீரன்...

"நானா, வேற வழி இல்லையா?"

"பகடதானே தம்பி அவனச் சாகடிச்சது. நான் என்ன செய்ற?"

வீட்டுக்கு வந்து அழுதேன், சிரிக்காதீர்கள். ஆனால் கோபம் வரவில்லை. நியாயமான சாவு. அதையும் பெருமையாகப் போஸ்ட் போட்டேன்.

நேற்று அஸருக்குப் பிறகு அடக்கம். எல்லாம் முடிந்து மையவாடி வாசலில் மூன்று பேரும் நின்றோம். "இப்பிடி பாலன்ஸ் பண்ண இனி ஆர் இருக்கினம்" என்றேன்.

இர்பான் என்னை ஒரு மாதிரிப் பார்த்தான்.

"என்ன பாலன்ஸ்டா? பாங்கு சொல்லப் போற நேரத்துல ஆர் குத்தினாலும் பூதம் சாகும். ரமீஸ் மச்சான் பூதத்துக்கு நம்பரே வைக்கிறல்லயே."

பகிடி என்று நினைத்துச் சிரித்தேன். பிரதீபனைப் பார்த்தேன். அவன் தன் செருப்பைப் பார்த்தான்.

"உனக்கும் தெரியுமாடா?"

"ஓம் மச்சான்... நீ சார்ட் எல்லாம் போட்டனீ, அதுக்குப் பிறகு எப்பிடிச் சொல்றது? நானாதான் சொன்னவர், அவனுக்குச் சொல்லிப் போடாதீங்க, பாவம் எண்டு."

பாவமாம்.

பகடை உண்மை. டங் உண்மை. பூதத்தின் உயிரை மட்டும் நாங்கள் யாரும் கண்ணால் கண்டதே இல்லை...

வீட்டுக்குப் பஸ்ஸில் வரும்போதுதான் மற்றது உறைத்தது. பூதம் எப்போது சாக வேண்டும் என்று நானாதான் முடிவு செய்தார் என்றால், கொடுவா செத்த அன்று ஏன் அது சாகவில்லை? பாங்கு சொல்லி முடிந்தும்?

பஸ்ஸிலிருந்தே இர்பானுக்குக் கோல் எடுத்தேன்.

"அதுக்கு முதல் கிழம நீதானே கேட்ட... நானா, எல்லாம் வெல்லுறம், கொஞ்சம் கடுமையாத் தாங்க எண்டு."

"அப்ப அண்டைக்கு மட்டும் உண்மையா நம்பர் வெச்சவரா?"

"தெரியாதுடா. நானும் கேட்டன். சிரிச்சார்."

சிரித்தாராம்!

போன வெள்ளிக்கிழமை ஒரு ஆள் அவசரமாகப் போன் கொண்டுவந்ததால் சண்டை பாதியில் நின்றது. ஆழிப்பூதம் இன்னும் துறைமுக வாசலில் நிற்கிறது. அதற்கு எவ்வளவு உயிர் மிச்சம் என்று கேட்க ஆள் இல்லை.

கோபம்தான் நானா. சரியான கோபம். போய்ட்டு வாங்க...

நானா முந்திக் கிண்ணியாவில் இருந்த காலத்தில் அவருடைய மேசையில் விளையாடிய யாராவது இதை வாசித்தால் கொமெண்ட்டில் சொல்லுங்கள். அவர் எப்போதாவது, ஒரு தரமாவது, பூதத்துக்கு நம்பர் வைத்தாரா? அவர்கள் கண்ணில் படும்வரை ஷேர் பண்ணுங்கள், ப்ளீஸ்.

வருகிற வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு ஆழிப்பூதத்தின் மிச்சச் சண்டைக்குக் கடைக்கு வாருங்கள். இர்பான் திறப்புக் கொண்டுவந்து கடையைத் திறப்பான். பகடை இருந்தால் எடுத்து வாருங்கள்.

நேரத்துக்கு வாருங்கள். அஸருக்கு முன்னம் முடிக்க வேண்டும்.