வேலிக்கு வெளியே ஒரு மெழுகுவர்த்தி

என் கணவர் தன் தூண்டில்களைப் பக்கத்து வீட்டுக்காரருக்குத் தூக்கிக் கொடுத்த அன்று நான் வீட்டையே இரண்டாக்கினேன். சம்பளம் வரும்போதெல்லாம் கடை கடையாக ஏறி இறங்கி வாங்கியவை அவை. "பெரிய கர்ணன்னு நெனப்போ? அடுத்து என்னையும் தூக்கிக் குடுக்கப் போறீங்களா?" என்றேன். வேறு நாளாக இருந்தால், "உன்ன யாரு வாங்குவா?" என்று திருப்பியிருப்பார். அன்று சும்மா சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

பாசிர் கூடாங்கில் அவர் வேலை செய்த ரசாயன ஆலையில் தீப்பிடித்துச் சில மாதங்கள் ஆகியிருந்தன. அன்று டேங்க் மேல் ஏற வேண்டியவர் இவர்தான். கால் வலிக்கிறது என்றதும் கூட வேலை செய்த நண்பர், "நீ உக்காருலா, நான் பாக்குறேன்" என்று ஏறிப் போனார். திரும்பி இறங்கவில்லை. அதற்குப் பிறகு இவரிடம் எதைக் கேட்டாலும் கிணற்றில் போட்ட கல்தான். தெருமுனையில் ஆலை பஸ் ஹாரன் அடித்தால் இவர் கை சோற்றிலேயே நின்றுவிடும். எனக்கோ வாய் நீளம். பேசாத மனிதனோடு குடும்பம் நடத்துவது சுவரோடு சண்டை போடுவது மாதிரி. அதையும் போட்டுப் பார்த்தேன்.

கல்லறைத் திருநாள் வந்தது. ஒவ்வொரு வருடமும் இவர் அம்மாவை, என் அத்தையை, அழைத்துக்கொண்டு ரெங்கம் போவோம். அத்தையைப் பெற்றவர்களின் கல்லறை அங்கே இருக்கிறது. சுண்ணாம்பு அடித்து, பூ வைத்து, பாதர் வந்து மந்திரித்ததும் அத்தை ஒரு மெழுகுவர்த்தியோடு கம்பி வேலிக்கு வெளியே போவார். செம்பனை மரங்கள் தொடங்கும் இடத்தில் லாலாங் புல்லுக்கு நடுவே அதை ஏற்றி வைப்பார். "யாருமில்லாத ஆத்துமாவுக்கு" என்பார். என்ன நல்ல மனசு என்று நானும் நினைத்திருந்தேன்.

என் மாமனாருக்குக் கல்லறை கிடையாது. இவர் கைக்குழந்தையாக இருந்தபோது சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனவர் திரும்பவே இல்லை என்று அத்தை சொல்வார். "ஓடிப்போன ஆளப் பத்தி எங்கிட்டப் பேசாத" என்று இவர் அந்தப் பேச்சையே எடுக்க விடமாட்டார்.

இந்த வருடம் தூறல். அத்தை வெளியே ஏற்றிவிட்டு உள்ளே வந்தார். பூக்கூடையை எடுத்துக்கொண்டு நிமிர்ந்தால் இவரைக் காணோம். வேலிக்கு வெளியே, அந்த மெழுகுவர்த்திக்குப் பக்கத்தில், ஈரப் புல்லில் கால் நீட்டிப் படுத்திருந்தார். முகத்தில் மழை விழுந்துகொண்டிருந்தது.

"இங்க நல்லா இருக்கு" என்றார்.

அத்தை அலறிய அலறலில் கல்லறைத் தோட்டமே திரும்பிப் பார்த்தது. "எந்திரிடா! ஐயோ, எந்திரி! உங்கப்பா மேல படுத்திருக்கடா!"

ஓடிப்போய் இவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே அழுதார். "உங்கப்பா எங்கயும் ஓடல. இங்கதான் கெடக்காரு. இந்தச் செம்பனைத் தோட்டத்து ஆலையில பாய்லர் வெடிச்சி ஒரு ஆளு செத்துட்டான். அன்னிக்கு அத பாத்துக்க வேண்டியவரு உங்கப்பா. அதுக்கப்புறம் வாயே தொறக்கல. ஒருநாள் தானே உசிர மாச்சிக்கிட்டாரு. அப்படிச் செத்தவங்களுக்கு உள்ள எடமில்லன்னு அப்பச் சொல்லிட்டாங்க. அந்தப் பேச்சு உன் தலையில விழக்கூடாதுன்னு சிங்கப்பூர் போனாருன்னு சொன்னேன்."

இவர் எழுந்து உட்கார்ந்தார். புல்லைக் கையால் தடவினார். அத்தை என் பக்கம் திரும்பினார்.

"கைக்கடிகாரத்தத் தம்பிக்குக் குடுத்தாரும்மா. ஆசையா வளத்த சேவல பக்கத்து வீட்டுக்குக் குடுத்தாரு. மனசு தெளிஞ்சிருச்சுன்னு நானும் சந்தோஷப்பட்டேன்."

எனக்குத் தூண்டில்கள் ஞாபகம் வந்தன.

சேற்றில் இவர் முன்னால் மண்டியிட்டேன். சுற்றி வளைக்கவில்லை. "சாகணும்னு நெனைக்கிறீங்களா?"

"நான்தான் ஏறியிருக்கணும்."

"நான் அதக் கேக்கல."

"ம்" என்றார்.

அவரை ஓங்கி அறையவும் தோன்றியது, கட்டிக்கொள்ளவும் தோன்றியது. அவர் சட்டைப்பையில் கை விட்டுக் கார் சாவியை எடுத்தேன். நேராகக் குளுவாங் மருத்துவமனைக்குத்தான் ஓட்டினேன். அத்தை பின்னால் இவரோடு உட்கார்ந்து, இவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்தபடி வந்தார். "இன்னொரு மெழுகுவர்த்தி என்னால ஏத்த முடியாதுடா" என்று வழியெல்லாம் அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

இப்போது மருத்துவரிடம் போய் வருகிறோம். மாத்திரைகள் என் கைப்பையில் இருக்கின்றன. சில நாள் இவராகவே, "அப்பா எப்படி இருப்பாரு?" என்று அத்தையிடம் கேட்கிறார். விஷயம் தெரிந்து பக்கத்து வீட்டுக்காரர் தூண்டில்களைத் திருப்பிக் கொண்டுவந்தார். நான் வாங்கவில்லை. இவரே வந்து கேட்கட்டும், அதுவரை உங்களிடம் இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.

பக்கத்து வீட்டு வாசலில் அவை சாய்ந்திருப்பது எங்கள் சமையலறை ஜன்னலில் தெரிகிறது. இவர் தேநீர் குடிக்கும்போது அந்தப் பக்கம் பார்க்கிறார். இன்னும் கேட்கவில்லை.