அண்ணன் வாங்கிய டிக்கெட்

மால்டா தீவுக்கு வரும் வெளிநாட்டுக்காரர்களுக்கு ஊர் சுற்றிக் காட்டுவது லோன்சாவின் வேலை. இருபத்தாறு வருஷமாக அதுதான் பிழைப்பு. காலை எட்டரைக்கு மைக்கைப் பிடித்தால் மாலை ஐந்துக்குத்தான் வாய் ஓயும். அதே கோட்டை, அதே கடல் குகை, அதே மீன் சந்தை. அதே இடத்தில் அதே சிரிப்பு. ஐம்பத்து மூன்று வயதில் இரண்டு காலும் தனித்தனியாக வலிக்கின்றன என்பாள். வீட்டுக்குப் போய்ச் செருப்பைக் கழற்றிவிட்டால் அப்புறம் யார் என்ன கேட்டாலும் பதில் வராது.

அப்படிப்பட்டவள் இந்த மூன்று வாரமாக ஒரு நாள்கூட லீவு போடவில்லை. மெல்போர்னுக்குப் போன அண்ணன் நார்து முப்பத்தோரு வருஷம் கழித்து ஊருக்கு வந்திருந்தான். வேறு யாராக இருந்தாலும் வேலையைத் தூக்கி மூலையில் போட்டிருப்பார்கள். இவளோ மற்ற வழிகாட்டிகளின் முறையையும் கேட்டு வாங்கிக்கொண்டாள். பாவம், மாடாய் உழைக்கிறாள் என்று சொந்தக்காரர்கள் சொன்னார்கள். உழைப்பாவது ஒன்றாவது! அண்ணனோடு தனியாக உட்காரப் பயம், அவ்வளவுதான்.

பயத்துக்குக் காரணம் அவள் கையாலேயே எழுதிய ஒரு கடிதம். கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்த நார்து, போன இடத்தில் விவாகரத்தான ஒருத்தியை மாதா கோயிலுக்கு வெளியே பதிவு செய்து கட்டிக்கொண்டான். கல் குவாரியில் வேலை பார்த்த அப்பா அன்றைக்கு அவன் போட்டோவைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தார். அது திரும்பவே இல்லை. பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒன்பது நாள் படுக்கையில் கிடந்து செத்தார். அந்த ஒன்பது நாளில் பக்கத்து வீட்டு நாயைப் பற்றிக்கூட விசாரித்தார். மகனை விசாரிக்கவில்லை. லோன்சாவுக்கு மனசு கேட்கவில்லை. 'அப்பா கடைசியாக உன் பேரைத்தான் சொன்னார்' என்று அண்ணனுக்கு எழுதிவிட்டாள். நல்லதுக்குத்தான் எழுதினாள். இப்போது அவன் வந்திருப்பதே அதற்காகத்தான். அப்பா கல்லறை முன்னால் தங்கையை நிறுத்தி, அவர் எப்படிச் சொன்னார் என்று அவள் வாயால் கேட்க வேண்டுமாம். விமான நிலையத்தில் இறங்கிய அன்றே சொல்லிவிட்டான். நேரம் வரட்டும் என்று இவள் தள்ளிக்கொண்டே வந்தாள். இன்று இரவு ஒன்பதுக்கு அவனுக்கு விமானம்.

காலையில் பஸ்ஸில் தலைகளை எண்ணிக்கொண்டு போனவள் கடைசி இருக்கைக்கு வந்ததும் நின்றுவிட்டாள். தொப்பியும் மடியில் ஒரு காகிதப் பொட்டலமுமாக நார்து உட்கார்ந்திருந்தான்.

"என்னண்ணே இது?"

"டிக்கெட் வாங்கியிருக்கேன். காசு குடுக்கறவங்ககிட்டதானே நீ பேசறே."

லோன்சா சிரித்து வைத்தாள். அன்று பூராவும் அவள் மைக்கில் பேசியது ஒன்றுகூட அவள் காதிலேயே விழவில்லை. குகையைக் காட்டினாள், செங்குத்துப் பாறையைக் காட்டினாள். கூட்டம் போட்டோ எடுத்தது. நார்து ஒவ்வொரு இடத்திலும் பக்கத்தில் வந்து நின்றான். ஒவ்வொரு இடத்திலும் யாராவது ஒரு ஆள், கழிப்பறை எங்கே, தண்ணீர் எங்கே என்று கேட்டு அவளைக் காப்பாற்றினார்.

இரண்டே முக்காலுக்கு பஸ் அவர்கள் பிறந்த ஊரில் நின்றது. முக்கால் மணி நேரம் ஓய்வு. கல்லறைத் தோட்டம் அங்கிருந்து பத்து நிமிஷ நடை. இதற்குமேல் தப்ப வழியில்லை.

அந்த ஊர்க் கோயிலுக்கு இரண்டு கோபுரம், இரண்டு கடிகாரம். வலது பக்கத்துக் கடிகாரம் ஓடும். இடது பக்கத்தது சுவரில் வரைந்த கடிகாரம். எப்போதும் மூன்று பத்துதான். சாகிறவர்களின் ஆத்துமாவைக் கொண்டுபோக வருகிற சாத்தானுக்குச் சரியான நேரம் தெரிந்துவிடக் கூடாதென்று முன்னோர் செய்த ஏற்பாடு. தினமும் இதைச் சொல்லிச் சிரிக்க வைப்பவள், இன்று மறந்துபோய், மூன்றரைக்கு வந்துவிடுங்கள் என்றதோடு மைக்கை வைத்துவிட்டாள்.

நார்வேக்காரப் பாட்டி ஒருத்திக்குச் செருப்பு கடித்திருந்தது. "நீ கோயில் முன்னால அந்த பெஞ்சுல உக்காருண்ணே, பத்து நிமிஷத்துல வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு லோன்சா அவளை மருந்துக் கடைக்குக் கூட்டிப் போனாள். ஒரு பிளாஸ்திரி ஒட்ட எவ்வளவு நேரம் ஆகும்? லோன்சா நாற்பது நிமிஷம் ஆக்கினாள். காபி வாங்கிக் கொடுத்தாள். கிழவியின் பேரப்பிள்ளைகள் பேரையெல்லாம் கேட்டாள்.

மூன்றரைக்கு டிரைவர் ஜீஜி தலை எண்ணினான். "அக்கா, ஒண்ணு குறையுது. உங்க அண்ணன்தான்." பத்து நிமிஷம் பார்த்துவிட்டுக் கிளம்ப வேண்டும் என்பது கம்பெனி விதி. பஸ்ஸுக்குள் முணுமுணுப்பு தொடங்கியது. கோபித்துக்கொண்டு தனியாகவே கல்லறைக்குப் போயிருப்பான் என்று நினைத்தபோது அவளுக்கு ஒரு நிம்மதிகூட வந்தது. வெட்கக்கேடு.

இறங்கித் தேடிப் போனாள். அவன் எங்கேயும் போகவில்லை. அதே பெஞ்சில் இருந்தான். பொட்டலத்தைப் பிரித்து, கார்னேஷன் பூக்களில் வாடின இதழ்களைக் கிள்ளிக்கொண்டிருந்தான்.

"வந்துட்டியா? பரவால்ல, இன்னும் இருபது நிமிஷம் இருக்கு. வேகமா நடந்தா போயிட்டு வந்துடலாம்."

அவன் பார்த்த பக்கம் லோன்சாவும் பார்த்தாள். அந்த பெஞ்சிலிருந்து இடது கோபுரம் மட்டும்தான் தெரியும்.

"அண்ணே, அது வரைஞ்சது."

நார்து தொப்பியைத் தூக்கிப் பார்த்தான். காது வரைக்கும் சிவந்துபோனான். "ஆமால்ல" என்றான். சின்ன வயசில் ஓடுகிற கடிகாரத்துக்கு எண்ணெய் போட வலது கோபுரத்தில் ஏறினவன் அவன். வெளிநாட்டுக்காரர்கள் கைபேசியைப் பார்த்துக்கொண்டு சரியாக வந்துவிட்டார்கள். கோயிலை நிமிர்ந்து பார்த்து நேரம் தெரிந்துகொள்ள ஊர்க்காரனுக்குத்தான் தோன்றும். எது வரைந்தது என்பதை மறக்கவைத்தது முப்பத்தோரு வருஷம். தங்கை வருவாள் வருவாள் என்று அவன் அங்கே குந்தியிருக்க, அவள் நாலு கடை தள்ளி ஒளிந்துகொண்டிருந்தாள். லோன்சாவுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

பஸ்ஸுக்குப் போய், எல்லாரையும் அவரவர் ஓட்டலில் இறக்கிவிடு என்று ஜீஜியிடம் சொன்னாள். கம்பெனியில் கேட்பாங்களே அக்கா என்றான். கேட்கட்டும் என்றாள்.

கல்லறைத் தோட்டத்தில் யாரும் இல்லை. நார்து பூவை வைத்து, தொப்பியைக் கழற்றினான். பிறகு கேட்டான்.

"சொல்லு லோன்சா. எப்படிச் சொன்னாரு?"

காலையிலிருந்து எட்டு இடத்தில் எட்டுக் கதை சொல்லியாகிவிட்டது. ஒன்பதாவது வாயில் வரவில்லை. அது துணிச்சல் இல்லை, வெறும் அசதி.

"சொல்லலண்ணே. உன் பேரை அவர் எடுக்கவே இல்ல. நான்தான் அப்படி எழுதினேன்."

அவன் அழுவான், இல்லை அடிப்பான் என்று நினைத்தாள். அவன் பக்கத்துக் கல்லின் ஓரத்தில் மெல்ல உட்கார்ந்தான்.

"பதினோரு வருஷம்டி. அந்த ஆளு மேல என்னால ஒரு நாள்கூட கோவப்பட முடியல. கோவம் வரும், ஒடனே உன் கடுதாசி ஞாபகம் வரும். சாகறப்போ கூப்பிட்டாரே, நாம இல்லாமப் போனோமேன்னு என்னையே திட்டிக்குவேன்."

லோன்சா மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள். வேண்டாம் என்று அவன் கையைக் காட்டினான். எழுந்துபோய், தான் வைத்த பூவைத் திரும்ப எடுத்துக்கொண்டான்.