ஆம்பூரில் முளைத்த நாற்பது முக்குளிப்பாளர்கள்

காலை ஐந்தரைக்குப் புதுச்சேரியில் வேலூர் பேருந்து ஏறும்போதே எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. முதுகில் காற்று உருளையோடு கடலுக்குள் இறங்கும் ஸ்கூபாக்காரர்களுக்காக இணையத்தில் ஒரு குழு நடத்துகிறேன். ஆறு வருடமாக ஒவ்வொருவராகப் பொறுக்கிச் சேர்த்த கூட்டம். அதில் ஒரே வாரத்தில் நாற்பது பேர் வந்து விழுந்தார்கள். அத்தனை பேரும் ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு. அங்கே ஏதய்யா கடல்? ஒருவரும் ஒரு வார்த்தை எழுதவில்லை. பழைய படங்களை மட்டும் தோண்டித் தோண்டிப் பார்த்தார்கள்.

நாற்பது பேரையும் அறிமுகம் செய்தவர் ஜோதி. இருபத்தாறு வயதுப் பெண், ஷூ கம்பெனியில் தையல் பிரிவு. அடுத்த மாதம் எங்களோடு முதல்முறையாகக் கடலில் இறங்கப் பதிவு செய்தவர். தொலைபேசியில் கேட்டால், "நேர்ல வாங்க சார், அப்பா உங்கள பாக்கணும்ன்றாரு" என்றார். போட்டிக்காரன் எவனோ ஏவிவிட்ட வேலை என்று முடிவுகட்டினேன். ஆரணி தாண்டியதும் பொறுக்கவில்லை. ஜோதியை மட்டும் விட்டுவிட்டு நாற்பது பேரையும் நீக்கினேன். அப்பாடா என்றிருந்தது.

வேலூரிலிருந்து ஐம்பது கிலோமீட்டர். பதினொன்றரைக்கு ஆம்பூரில் இறங்கினேன். ஞாயிற்றுக்கிழமை, கம்பெனி வேன்கள் வரிசையாக ஓய்ந்து கிடந்தன. ஜோதி வீட்டு முகவரியைச் சொன்னதும் ஆட்டோக்காரர் கண்ணாடியில் என்னையே முறைத்தபடி ஓட்டினார்.

"நீங்கதான அந்த அட்மினு? காலைல என்னைத் தூக்கிட்டீங்களே, நான் இன்னா தப்பு பண்ணேன்?"

தூக்கிவாரிப் போட்டது. "நீங்க கடல்ல இறங்குவீங்களா?"

"எனக்கு ஏரித் தண்ணியே பயம் சார். ஜோதி அப்பாதான் சேரச் சொன்னாரு. எப்பிடிப்பட்ட ஆளுங்கன்னு பாக்க வேணாமா?"

வீட்டில் ஜோதியின் அப்பா நாற்காலி போட்டார். முகத்தில் சிரிப்பு இல்லை.

"பொண்ணு குடுக்குற எடத்துல நாலு பேரை உட்டு விசாரிக்கிறோம் இல்ல? அந்த மாதிரிதான் சார். சொந்தக்காரங்க, கம்பெனி ஆளுங்க, எல்லாரையும் சேந்து பாக்கச் சொன்னேன். ஒரு போட்டோலயும் ஒருத்தன் மூஞ்சி தெரியல, எல்லாம் மாஸ்க்கு. சரி, இன்னும் கொஞ்சம் பாப்போம்னு இருந்தோம். அதுக்குள்ள அத்தினி பேரையும் வெளிய தள்ளிட்டீங்க. மறைக்க ஒண்ணும் இல்லன்னா ஏன் தள்ளணும்?"

"போலிக் கணக்குன்னு நெனச்சுட்டேன் ஐயா."

"போலியா? நாங்களா?"

எங்கள் பயிற்சியாளர் ஒரு பெண்தான், பேசச் சொல்கிறேன் என்று வீடியோவில் அழைத்தேன். எடுக்கவில்லை. அந்த நேரத்தில் அவர் கடலுக்கடியில் இருந்தார்! அதைச் சொன்னபோது எனக்கே நம்பும்படியாக இல்லை.

"அப்பா, கெணத்துல குதிக்கக் கத்துக் குடுத்ததே நீதான?" என்றார் ஜோதி.

"அது நம்ம கெணறும்மா. வேணாம் சார், அவ வர மாட்டா."

என் எதிரிலேயே ஜோதியைக் குழுவிலிருந்து விலக வைத்தார். சாப்பிடாமல் மட்டும் அனுப்பவில்லை. ஆம்பூர் வரும்வரை பொறுத்திருந்தால் இந்தப் பெண்ணின் ஆசை பிழைத்திருக்கும். என் அவசரப் புத்தி கெடுத்துவிட்டது.

மாலை ஐந்துக்கு வேலூர் பேருந்து நிலையத்தில் பதினைந்து ரூபாய்த் தேநீரோடு நின்றபோது புதிய விண்ணப்பம் ஒன்று வந்தது. பெயர் நீலா. ஊர் சென்னை. முகத்துக்குப் பதில் ரோஜாப்பூ. கணக்கு தொடங்கியே அரை மணி நேரம்தான் ஆகியிருந்தது. பார்த்த மாத்திரத்தில் நான் தூக்கி எறிகிற வகை. ஏன் சேர விரும்புகிறீர்கள் என்ற கேள்விக்குக் கீழே ஒரே வரி: "அடுத்த மாசம் என் எடத்தை வேற யாருக்கும் குடுத்துடாதீங்க சார்."

அறிமுகம் செய்தவர் என்ற இடம் காலியாக இருந்தது. அதில் என் பெயரை எழுதிச் சேர்த்துக்கொண்டேன்.