குரோம்பேட்டைக்கு முன்னால் வந்த குரோம்பேட்டை

டெரிலின் வந்த புதிதில் அதை யாரும் துணியாக மதிக்கவில்லை. ஒருவிதப் பதவியாகத்தான் நினைத்தோம். அறுபதுகளின் கடைசியில், கிழக்குத் தாம்பரத்தில் எங்கள் சர்ச் பாடகர் குழுவின் ஆண்கள் பத்துப் பேரும், விளைச்சலைக் காணிக்கையாகப் படைக்கும் அறுப்பின் பண்டிகைக்காக ஒரே பீஸிலிருந்து வெள்ளை டெரிலின் வாங்கிச் சட்டை தைத்துக்கொண்டோம். பண்டிகைக்கு மூன்று மாதம் இருந்தது. அதுவரை பெட்டியில் வைத்திருக்க வேண்டும் என்பது ஏற்பாடு. ஒன்பது பேர் வைத்திருந்தார்கள். நான் மறுநாளே ஆபீசுக்குப் போட்டுக்கொண்டு போனேன்.

அலசி உதறிப் போட்டால் அரை மணியில் காய்ந்துவிடும், இஸ்திரி வேண்டாம். எனவே தினமும் அதே சட்டை. மின்சார ரயிலில் கசங்கிய பருத்திச் சட்டைக்காரர்களைப் பரிதாபத்தோடு பார்க்கவும் பழகிக்கொண்டேன்.

இரண்டு மாதத்தில் சட்டைக்குச் சொந்தமாக ஒரு குணம் வந்தது. கொடியிலிருந்து எடுத்து முகர்ந்தால் ஒன்றுமே இருக்காது. போட்டுக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடந்தால், பாதி வழியில் பழைய வியர்வை எழுந்துவிடும். அன்றைய வியர்வை அல்ல, போன மாதத்தியது. என் மனைவி அதே பாடகர் குழுவில் உச்ச ஸ்தாயி பாடுகிறவள். வீட்டிலும் அந்த ஸ்தாயியிலேயே சொன்னாள்: "தொவைக்கிறது நான், நாறறது நீங்க. கேக்கறவங்க என்னத்தான் பேசுவாங்க."

எலுமிச்சம்பழம் தேய்த்தோம். அந்துருண்டையோடு பெட்டியில் வைத்தோம். பவுடர் கொட்டினோம். ஒவ்வொன்றும் தன் வாசனையைக் கொண்டுவந்து சேர்த்ததே தவிர, இருந்ததை வெளியேற்றவில்லை.

பண்டிகைக்கு முந்தைய வாரச் சனிக்கிழமை ஆபீசிலிருந்து நேராகப் பயிற்சிக்குப் போனேன். பண்டிகைப் பாட்டில் எனக்கு இரண்டு வரி தனியாகப் பாடக் கிடைத்திருந்தது. என் இசை வாழ்க்கையில் எனக்கென்று ஒதுக்கப்பட்ட மொத்தச் சொத்து அந்த இரண்டு வரிதான். பக்கத்தில் நின்றவர் பாட்டின் நடுவில் மூச்சு விடுவதை நிறுத்தினார். எங்கள் பாட்டு மாஸ்டர் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். காரணத்தை உடனே கண்டுபிடித்துவிட்டார்.

"ஒரு வாரம் டைம் தரேன் சார். சட்டை சரியானா பாடுங்க. இல்லேன்னா வாசல்ல கரும்பு கட்டற கமிட்டிக்கு ஆள் பத்தல."

வேறு சட்டை தைக்கலாமென்றால் கடையில் அந்த பீஸ் தீர்ந்துபோயிருந்தது.

திங்கட்கிழமை காலை ரயில் தாம்பரத்தில் கிளம்பியதும் எழுந்து நின்று கைப்பிடியைப் பிடித்தேன். எதிரே உட்கார்ந்து தூங்கிக்கொண்டிருந்த, தினமும் எங்கள் பெட்டியில் வரும் பாய் சட்டென்று விழித்து, அடுத்த ஸ்டேஷனான ஸானடோரியத்தில் இறங்கிவிட்டார். பல்லாவரத்தில் தோல் கிடங்கில் வேலை செய்கிறவர் இங்கே ஏன் இறங்குகிறார் என்று எனக்குப் புரியவில்லை. செவ்வாய்க்கிழமை அவரே சொன்னார்.

"இன்னா சார், பேஜார் பண்ணிட்டீங்களே! நான் மூக்கத் தொறந்து வெச்சிகினு தூங்கறவன். தோல் பதனிடற வாசன வந்தா குரோம்பேட்ட. எழுந்து வாசலுக்குப் போனா பல்லாவரம். இத்தினி வருசத்துல தப்பினதே இல்ல. நேத்து நீங்க கையத் தூக்கினீங்க, நான் எறங்கிட்டேன்."

பெட்டி முழுக்கச் சிரித்தது. "காசநோய்க்காரங்கள நல்ல காத்துக்குன்னு அனுப்பற எடம் பாய் அது!" என்றது ஒரு குரல்.

அவமானத்தை விட எனக்கு வேறொன்று பெரிதாகத் தெரிந்தது. நாள் முழுக்கத் தோலோடு இருக்கும் இவர் சட்டையில் மட்டும் ஏன் ஒன்றும் வருவதில்லை? கேட்டேவிட்டேன்.

"தோலு ஏன் நாறுது சார்? தோலால இல்ல, கொழுப்பால. அத்த எடுக்காம இன்னா ஊத்தினாலும் வேஸ்ட். ஒங்க துணியும் அப்டித்தான். தண்ணியக் குடிக்காது, ஒடம்பு எண்ணெய வுடாது. மொதல்ல எண்ணெய எடுங்க. அப்பால சோப்பு."

"எதால எடுக்கறது பாய்?"

பல்லாவரம் வந்துவிட்டது. பதில் அவரோடு இறங்கிப் போய்விட்டது.

வீட்டுக்கு வந்து சோதனை செய்தேன். காய்ந்து வாசனையற்றுக் கிடந்த சட்டையின் அக்குளில் இஸ்திரிப் பெட்டியை வைத்தேன். போன மாத வியர்வை புறப்பட்டு வந்தது. ஆக, நாற்றம் எங்கும் போவதில்லை. எண்ணெயில் படுத்துச் சூட்டுக்காகக் காத்திருக்கிறது. இதைக் கண்டுபிடித்தபோது எனக்கு ஏற்பட்ட பெருமிதத்தில் என் மனைவி பங்கேற்கவில்லை.

எண்ணெயை எடுக்க எது உண்டு? வாராவாரம் சனிக்கிழமை தலையில் தேய்த்த நல்லெண்ணெயை எடுப்பது எதுவோ அதுதான். நிறைய நூல் படித்தவன் என்பதால் யாரையும் கேட்கவில்லை. புதன்கிழமை சீயக்காயைக் கெட்டியாகக் காய்ச்சி, சட்டையை உள்பக்கம் வெளியே திருப்பி, மறுநாள் வரை ஊறவைத்தேன்.

நாற்றம் போய்விட்டது. இஸ்திரிப் பெட்டியை அழுத்தி வைத்தும் வரவில்லை. வெள்ளையும் போய்விட்டது. தண்ணீர் குடிக்காத துணி சீயக்காயை மட்டும் ஆசையாகக் குடித்துத் தண்ணி டீயின் நிறத்துக்கு வந்திருந்தது. எத்தனை அலசியும் அந்த நிறம் இறங்கவில்லை.

சனிக்கிழமை காலை அதையே போட்டுக்கொண்டு, பாயின் தலைக்கு மேலே கையைத் தூக்கி நின்றேன். ஸானடோரியம் வந்தது, போனது. பாய் தூங்கினார். யார் தூங்குவதையும் அவ்வளவு ஆவலாக நான் பார்த்ததில்லை. குரோம்பேட்டை நெருங்கும்போது கண் விழித்து என்னைப் பார்த்தார்.

"நீங்களா, ஊரா?"

"ஊரு பாய்."

எழுந்து நின்று சட்டையை முகர்ந்தார். "சீயக்காயா! ஐயய்ய, வெந்நீர்ல துணி சோடாவப் போட்டு ஊற வெச்சா போதுமே சார். கேட்டிருக்கக் கூடாது?"

பண்டிகை ஞாயிறன்று மாஸ்டர் என் தோளருகே குனிந்து முகர்ந்தார். தலையசைத்தார். பிறகு ஒன்பது வெள்ளைச் சட்டைகளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். சொன்ன சொல் தவறாத மனிதர்; பாடவிட்டார். காணிக்கையாக வந்த பூசணிக்காய்களுக்கும் பலாப்பழங்களுக்கும் பின்னால், இரண்டு வாழைத்தார்களுக்கு நடுவே, ஆள் தெரியாதபடி நிறுத்தினார்.

என் இரண்டு வரியையும் அங்கிருந்து பாடினேன். முன் வரிசையில் சிலர் வாழைத்தாரைப் பார்ப்பதும் பக்கத்தில் இருப்பவரைப் பார்ப்பதுமாக இருந்தார்கள். ஆராதனை முடிந்து காணிக்கைப் பொருள்களை ஏலம் விட்டபோது, என் மனைவி அந்தத் தார்களில் ஒன்றை ஏலத்தில் எடுத்தாள். எதற்கு என்று கேட்டேன்.

"நல்லா பாடிச்சு" என்றாள்.