டெல்லியில் படிக்காத இரண்டாவது பக்கம்

பக்கத்து நாட்டோடு எப்படி வியாபாரம் செய்ய வேண்டும் என்று இந்திய அரசாங்கத்துக்கு யார் ஆலோசனை சொல்கிறார்கள் என்று உங்களுக்கு எப்போதாவது சந்தேகம் வந்திருக்கலாம். கொஞ்ச காலம் அது நான்தான். நாடு இன்னும் நடந்துகொண்டுதான் இருக்கிறது, பயப்பட வேண்டாம்.

கருமத்தம்பட்டியில் பதினாறு விசைத்தறி வைத்திருக்கிறேன். எங்கள் பக்கத்துச் சிறு தறிக்காரர்கள் சேர்ந்து நடத்தும் சங்கத்துக்கு நான்தான் செயலாளர். செயலாளர் ஆனதற்கு ஒரே காரணம், செயலாளரைத் தேர்ந்தெடுத்த கூட்டத்துக்கு நான் போகாமல் விட்டதுதான். அந்தச் சங்கத்துக்கு ஒரு நாள் டெல்லியிலிருந்து கடிதம் வந்தது. வங்கதேசத்துடனான வர்த்தகம் பற்றி ஆலோசனை சொல்ல ஒரு குழு போட்டிருக்கிறார்களாம். சிறு தறிக்காரர்கள் சார்பில் அதில் நானும் ஓர் உறுப்பினராம்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. அல்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்தராத்திரியில் குடை பிடிப்பான் என்பார்கள். நான் விசிட்டிங் கார்டு அடித்தேன். பெயருக்குக் கீழே 'வர்த்தக ஆலோசகர்' என்றும், அதற்குக் கீழே கொஞ்சம் பெரிய எழுத்தில் 'இந்திய அரசு' என்றும் போடச் சொன்னேன். முதல் கார்டை வீட்டில் கொடுத்தேன். என் மனைவி அதை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள்.

"ஏனுங்க, ஊட்டுக்கு எந்தப் பருப்பு வாங்கறதுன்னு கேட்டாலே கடைக்காரரக் கேட்டுக்கோன்னு சொல்லுவீங்க. அரசாங்கத்துக்கு நீங்க என்னத்தச் சொல்லப் போறீங்க?"

ஊரில் அவ்வளவு சந்தேகம் யாருக்கும் இல்லை. பேக்கரியில் டீ குடிக்க நின்றால், பைபாஸ் ரோடு யார் தோட்டத்து வழியாகப் போகும், தங்கத்தை இப்போது வாங்கலாமா, பையனைக் கனடாவுக்கு அனுப்பலாமா என்று கேட்டார்கள். எல்லாவற்றுக்கும் ஆலோசனை சொன்னேன். கல்யாண வீடுகளில் முன்வரிசை நாற்காலி கிடைத்தது. மொய் எழுதுகிறவர்கூட எழுந்து நின்றார்.

விஷயம் சிக்கலானதல்ல. நாங்கள் நெய்வது காடா துணி, அதாவது வெளுக்காமல் சாயம் போடாமல் தறியிலிருந்து இறங்கும் துணி. அதை வாங்கிப் போய் வெளுத்து, சாயம் போட்டு, சட்டை தைப்பார்கள். இப்போது அந்தச் சட்டையே பக்கத்து நாட்டில் தைத்து, வரியில்லாமல் இங்கே வந்து இறங்குகிறது. சட்டையாகவே வந்துவிட்டால் எங்கள் துணியை யார் வாங்குவார்கள்? அதற்கு ஒரு வழி செய்யுங்கள், எங்களைப் போன்றவர்களுக்குக் கொஞ்சம் மூச்சுவிட இடம் கொடுங்கள் என்று சொல்ல வேண்டும். நான் சொல்ல வேண்டியது அவ்வளவுதான்.

கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால், எங்கள் வீதிக்கு அடுத்த வீதியில் இருக்கிற அக்கா ஒருவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். கூடப் பிறந்தவரல்ல, மரியாதைக்கு அக்கா. வீட்டுக்காரர் தவறிப்போன பிறகு எட்டுத் தறியையும் தனியாளாக ஓட்டுகிறவர். ஒரு பை நிறைய அவரைக்காய் கொண்டுவந்து மனைவியிடம் கொடுத்தார். காப்பி குடித்தார். மழை வராததைப் பற்றியும், என் மகளுடைய கல்லூரியைப் பற்றியும், அவர் வீட்டு எருமை கன்று போட்டதைப் பற்றியும் முக்கால் மணி நேரம் பேசினார். பிறகு எழுந்து போய் வாசலில் ஸ்கூட்டியின் மேல் கை வைத்தபடிதான் வந்த காரியத்தைச் சொன்னார்.

"தம்பி, எட்டுல நாலு நின்னுபோச்சுங்க. மீதி நாலும் தீவாளி வரைக்கும் ஓடுனா சாமி புண்ணியம். அங்க போயி இத மட்டும் சொல்லிப்போட்டு வாங்க."

ஸ்கூட்டி டிக்கியிலிருந்து ஒரு துணியை எடுத்துக் கொடுத்தார். அவர் தறியில் இறங்கிய ஐந்து மீட்டர். நாலாக மடித்து, மடிப்பு கலையாமல் இருக்க ஓரத்தில் சிவப்பு நூலால் தையல் போட்டிருந்தார். "இந்த நூல அறுத்துப்போட்டு விரிச்சுக் காட்டுங்க. கையில தொட்டுப் பாத்தாங்கன்னா அவிகளுக்கே தெரியும்."

இது அந்த அக்காவின் பழக்கம் மட்டுமல்ல, எங்கள் பக்கத்து வழக்கமே அதுதான். வந்த காரியத்தை வந்தவுடன் சொன்னால் மரியாதைக் குறைவு. உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, ஊர் நடப்பெல்லாம் பேசி, கிளம்பி வாசலுக்கு வந்த பிறகுதான் வாயைத் திறக்க வேண்டும். என் கல்யாணமே அப்படி முடிவானதுதான். பெண் பார்க்கப் போன அன்று என் அப்பாவும் மாமனாரும் இரண்டு மணி நேரம் போர்வெல் ஆழத்தைப் பற்றித்தான் பேசினார்கள். காரில் ஏறி உட்கார்ந்த பிறகு மாமனார் கண்ணாடி வழியாகக் குனிந்து, "அப்ப வைகாசியில வெச்சுக்கலாமுங்களா?" என்றார். அப்பா தலையை ஆட்டினார். வண்டி கிளம்பிவிட்டது.

டெல்லியில் பேச மகள் இங்கிலீஷில் இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தாள். எழுதச் சொன்னது நான். முதல் பக்கத்தில் அழைத்ததற்கு நன்றி, எங்கள் ஊர் சீதோஷ்ணம், சிறுவாணித் தண்ணீரின் ருசி, எல்லோரும் குடும்பத்தோடு எங்கள் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் போக வேண்டும் என்ற அழைப்பு. இரண்டாவது பக்கத்தில் சட்டை, வரி, நின்றுபோன தறிகள்.

"அப்பா, அஞ்சு நிமிசந்தான் குடுப்பாங்க. ரெண்டாவது பக்கத்த மொதல்ல படிச்சிருங்க," என்றாள்.

"போனதும் போகாததுமா கேட்டா நம்மளப் பத்தி என்ன நெனைப்பாங்க கண்ணு?" என்றேன். உலக அனுபவம் இல்லாத பிள்ளை என்று நினைத்துக்கொண்டேன்.

டெல்லிக்காகப் புதுச் சட்டை ஒன்று கோயம்புத்தூரில் பெரிய கடையில் எடுத்திருந்தேன். கூட்டத்தன்று காலை தங்கிய அறையில் அதைப் போடும்போதுதான் காலருக்குள் இருந்த சீட்டைப் பார்த்தேன். பக்கத்து நாட்டில் தைத்தது. வேறு சட்டை இஸ்திரி போட்டதாக இல்லை. அந்தச் சட்டையைத் தடுத்து நிறுத்துங்கள் என்று சொல்ல அந்தச் சட்டையையே போட்டுக்கொண்டு போன ஆலோசகர் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். நல்லவேளை, சீட்டு முதுகுப் பக்கம் இருந்தது.

நீள மேசையைச் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு பேர். பெரிய ஏற்றுமதியாளர்கள், பேராசிரியர்கள், அதிகாரிகள். நடுவில் தலைவர். ஒவ்வொருவரும் மைக்கை அழுத்தியவுடன் சதவீதமும் வரியுமாகக் கொட்டினார்கள். ஒருவர்கூடத் தலைவரைச் சௌக்கியமா என்று கேட்கவில்லை. அவர்களுக்காக நான் வெட்கப்பட்டேன்.

என் முறை வந்தது. முதல் பக்கத்தை நிறுத்தி நிதானமாகப் படித்தேன். சிறுவாணித் தண்ணீர் வந்த இடத்தில் எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். அதனால் அங்கே எழுதியதற்கு மேலும் இரண்டு வாக்கியம் சேர்த்துச் சொன்னேன். வீட்டுக்குச் சாப்பிட அழைத்து முடிக்கும்போது மணி அடித்தது. தலைவர் சிரித்துக்கொண்டே ஒரு விரலைக் காட்டினார், இன்னும் ஒரு நிமிடம். நன்றி சொல்லாமல் முடிப்பது எப்படி? அந்த நிமிடத்தை நன்றி சொல்லவே செலவு செய்தேன். மைக்கின் சிவப்பு விளக்கு அணைந்தது.

அப்போதும் நான் பதறவில்லை. எங்கள் கணக்குப்படி காரியம் பேசுகிற இடமே இனிமேல்தானே வருகிறது. இடைவேளையில் பையிலிருந்து மைசூர்பா பெட்டிகளை எடுத்து எல்லோருக்கும் கொடுத்தேன். அந்தப் பெட்டிகளுக்கு அடியில்தான் அக்காவின் துணி இருந்தது. கூட்டம் முடிந்ததும் தலைவரின் பின்னாலேயே லிஃப்ட் வரைக்கும் போனேன். வாசல் என்று அங்கே இருந்தது அதுதான். அவர் உள்ளே ஏறித் திரும்பினார். நான் வாயைத் திறந்தேன். அவர் முந்திக்கொண்டு, "உங்கள் ஊர்த் தண்ணீரை ஒரு நாள் வந்து குடித்துப் பார்க்க வேண்டும்," என்று கைகூப்பினார். கதவு மூடிக்கொண்டது.

ஊருக்குத் திரும்பினால், சங்கக் கட்டடத்துக்கு முன்னால் ஃபிளெக்ஸ் வைத்திருந்தார்கள். என் படம் ஆளுயரத்துக்கு. 'டெல்லியில் நம் குரல்' என்று எழுதியிருந்தது. பொன்னாடை போர்த்தி மைக்கைக் கையில் கொடுத்தார்கள். அந்த இடத்தில் உண்மையைச் சொல்லிவிட்டு இறங்கியிருக்கலாம். நான் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். டெல்லியில் படிக்காத இரண்டாவது பக்கத்தை அங்கே நின்று அரை மணி நேரம் முழங்கினேன். 'நின்றுபோன தறிகளுக்கு என்ன பதில் என்று கேட்டேன்' என்றேன். 'நம் துணியை விரித்துக் காட்டினேன், தலைவரே தொட்டுப் பார்த்து அசந்து போனார்' என்றேன். கைதட்டல் அடங்க நேரமானது. மூன்றாவது வரிசையில் அக்கா உட்கார்ந்திருந்தார். அவரும் தட்டினார்.

டெல்லிக் கூட்டத்தின் குறிப்பு தபாலில் வந்தது. மற்றவர்கள் பேசியது ஆளுக்கு ஒரு பத்தி. என் பெயருக்கு எதிரே, 'கோயம்புத்தூர் உறுப்பினர் நன்றி தெரிவித்தார்' என்று ஒரே வரி. நான் பேசியிருந்தால் மட்டும் சட்டைக்கான வரி மாறியிருக்குமா என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். மாறியிருக்காதுதான். ஆனாலும் அந்தக் குறிப்பைச் சங்கத்தில் யாருக்கும் காட்டவில்லை. கார்டுகளை அலமாரியின் அடியில் போட்டுவிட்டேன்.

தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போது அக்கா வந்தார். இந்த முறை கத்தரிக்காய். காப்பி குடித்தார், மழையைப் பற்றிப் பேசினார், எருமைக் கன்று வளர்ந்துவிட்டது என்றார். நான் வாசலை நினைத்துப் பயந்தபடியே எல்லாவற்றுக்கும் ஆமாங்க போட்டுக்கொண்டிருந்தேன். கடைசியில் எழுந்தார். நானும் கூடவே வாசலுக்குப் போனேன்.

"தம்பி, அந்தத் துணி இருந்தாக் குடுங்க. ஈரோட்டு யாவாரி ஒருத்தரு சாம்பிள் கேக்கறாரு. அந்த அகலத்துல ஓட்டுனது எங்கிட்ட வேற இல்லீங்க."

டெல்லிக்குக் கொண்டுபோன பையோடு பரணில் கிடந்தது. கொண்டுவந்து கொடுத்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அக்கா மடிப்பைத் திருப்பினார். ஓரத்தில் கட்டைவிரலை ஓட்டினார். சிவப்பு நூல் ஒரு தையல்கூட அறுபடாமல் அப்படியே இருந்தது. நெய் வாசனை மட்டும் லேசாக அடித்தது.

"நாங் குடுத்த மாதிரியே இருக்குதுங்க," என்றார். "பத்தரமா வெச்சிருந்திருக்கீங்க."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"அக்கா, நா அங்க சொல்லலீங்க. ஒண்ணுமே சொல்லலீங்க."

அவர் துணியை டிக்கியில் வைத்து மூடினார். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டார்.

"அது நீங்க மேடையில பேசுனப்பவே தெரியுமுங்க தம்பி. அங்க சொல்லியிருந்தா இங்க அவ்வளவு நேரம் சொல்லியிருக்க மாட்டீங்க."

வண்டியை ஸ்டார்ட் செய்தார். காலைத் தரையிலிருந்து எடுப்பதற்கு முன்னால் என் பக்கம் திரும்பினார்.

"நின்ன நாலு தறியையும் போன வாரம் எடைக்குப் போட்டாச்சுங்க. வாரேனுங்க."