பத்துப் பேர்

மின்சாரம் வந்ததும் ஊதி அணைத்த மெழுகுதிரியின் புகை, எங்கிருந்தோ கப்பலேறி வந்து கண்டியில் எங்கள் வீட்டெதிரே மணிக்கூடு திருத்திய யூதக் கிழவரிடம் என்னை இழுத்துப்போனது. வெள்ளிக்கிழமை அந்தியில் அவர் மனைவி ஏற்றும் இரட்டைத் திரிகளிடமும், மழைக்குள்ளும் கேட்கும், ஒன்றோடொன்று ஒத்துப்போகாத கடிகார ஓசைகளிடமும்.

அவள் இறந்த பிறகு, அவளுக்காக ஓத வேண்டியதைப் பத்து ஆண்கள் கூடினால்தான் ஓதலாம் என்று வாப்பாவிடம் சொன்னவர், அவர்கள் யூதர்களாக இருக்க வேண்டும் என்பதை மட்டும் சொல்லவில்லை. வாப்பா மடவளைப் பள்ளிவாசலிலிருந்து ஆட்களைக் கூட்டி வந்தார்.

"பத்துப் பேர் ஈக்கிறோம், ஓதுங்க தொர."

கிழவர் எல்லாருக்கும் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார். குடித்துவிட்டு அவர்கள் கையேந்திக் காத்திருந்தார்கள். மடியிலிருந்த புத்தகத்தை அவர் திறக்கவேயில்லை.