ரயரிலும் நாள் பார்க்கவேண்டும்

என் வீட்டுக்காரர் படுக்கையும் அடுப்பும் உள்ள, அதிகம் ஓடாத பழைய மோட்டர்ஹோம் வாகனம் ஒன்றை வாங்கினார். "ரயரை மாத்துங்கோ" என்றேன். "உது ஓடவேயில்லையப்பா, ரயர் புதுசு மாதிரிக் கிடக்கு" என்றார்.

பஞ்சாங்கத்தில் நல்ல நாள் பார்த்து, றிச்மண்ட் ஹில் கோயிலில் பூசை செய்து, ரயர்களுக்கு அடியில் வைத்த தேசிக்காய்களை நசித்துப் புறப்பட்டோம். நெடுஞ்சாலையில் விட்பி நகரைத் தாண்டுமுன் முன் ரயர் வெடித்து, வாகனம் அடுத்த லேனுக்குள் பாய்ந்தது. அந்த நேரம் அதில் லொறி வராததால் உயிர் தப்பினோம்.

வாகனத்தை இழுத்துச்செல்ல வந்த தமிழர், ரயரில் பொறித்திருந்த நான்கு இலக்கங்களைக் காட்டினார். அது செய்யப்பட்ட வாரமும் வருடமுமாம். "ஓடாமல் நிண்டாலும் ரயர் பழசாகும் அண்ணை. இதுக்குப் பதினாறு வயசு."

"தேசிக்காய்தான் காப்பாத்தினது" என்றார் என் வீட்டுக்காரர். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இப்போது எங்கள் வீட்டில் நாள் பார்ப்பது நான்தான். கோடையில் வாகனத்தை வெளியே எடுக்குமுன், டோர்ச்சுடன் குந்தியிருந்து, ஆறு ரயரிலும் அந்த நான்கு இலக்கங்களைப் பார்க்கிறேன்.